காய்ச்சல் இல்லாத மூளைக்காய்ச்சல்

நீண்ட பதிவு. மொழியியல் ஆய்வு மாணவருக்கு நாய் வைத்தியத்தில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் நான்கு பத்திகள் வரையேனும் பொறுத்தருள வேண்டும்.

கால்நடை நரம்பியலில் ஒரு நோய்க்கு இடப்பட்டுள்ள பெயர், நான் அறிந்த மருத்துவப் பெயர்களுள் மிகவும் நேர்மையானது. ஆங்கிலத்தில் அதனை எம்.யு.ஓ. என்று சுருக்கி வழங்குகிறார்கள். தமிழில் விரித்தால் 'காரணம் அறியப்படாத மூளை, மூளையுறை அழற்சி' என்றாகும். பக், மால்ட்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா முதலிய சிறிய இன நாய்களையே இது பெரிதும் தாக்குகிறது. அவற்றுள்ளும் இளமையிலும் நடுவயதிலும் உள்ளவற்றை. தேடினால் கிருமி எதுவும் அகப்படுவதில்லை. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்களே மூளைக்குள் புகுந்து திரள்கின்றன. நேற்றுவரை ஓடியாடிய நாய்க்குத் திடீரென வலிப்பு வருகிறது. அல்லது அது ஒரே பக்கமாக வட்டமிட்டு நடக்கிறது, சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கிறது, கழுத்தைச் சாய்த்தே வைத்திருக்கிறது, பார்வையை இழக்கிறது. நாட்கணக்கில் முற்றிவிடும் நோய். சிகிச்சை இல்லையேல் பெரும்பாலும் மரணம்.

மருத்துவம் தன் அறியாமையைக் கிரேக்க, இலத்தீன் சொற்களுக்குள் மறைத்துக்கொள்வதில் கைதேர்ந்தது. 'இடியோபதிக்' என்பார்கள். 'கிரிப்டோஜெனிக்' என்பார்கள். காரணம் தெரியாத இரத்தக் கொதிப்புக்கு 'எசென்ஷியல்' என்று அடைமொழி சூட்டியிருக்கிறார்கள். நோயாளி அதைக் கேட்டுத் தன் நோய் துல்லியமாகக் கண்டறியப்பட்டுவிட்டதாக எண்ணிக்கொண்டு வீடு திரும்புவார். எம்.யு.ஓ.வில் அந்தத் திரை இல்லை. 'தெரியாது' என்பது பெயருக்குள்ளேயே இருக்கிறது. என் கருத்து இதுதான்: அந்தத் 'தெரியாது' நாயை வளர்ப்பவரின் மொழிக்கு முழுமையாக வந்து சேர்வதும் இந்நோயின் சிகிச்சையில் ஒரு பகுதியே. மருந்துக்கு நிகரான பகுதி. நம் நாட்டில் அது வந்து சேர்வதில்லை, வழியிலேயே தொலைந்துபோகிறது.

தொலையும் இடத்தைக் காட்டுகிறேன். மூளை அழற்சிக்குத் தமிழ் நாளிதழ்களும் பொதுவழக்கும் தரும் சொல் 'மூளைக்காய்ச்சல்'. இந்தியில் 'திமாகி புகார்'. மலையாளத்தில் 'மஸ்திஷ்க ஜ்வரம்'. கன்னடத்தில் 'மெதுளு ஜ்வர'. எல்லாமே காய்ச்சல்தான். தெலுங்கு மட்டும் விலகி நின்று 'மெதடுவாபு' என்கிறது. வாபு என்றால் வீக்கம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் போன்ற கொள்ளைநோய்ச் செய்திகளில்தான் நாம் இச்சொற்களைப் பெரும்பாலும் சந்தித்திருக்கிறோம். அங்கே காய்ச்சல் உண்மையிலேயே ஓர் அறிகுறி, சொல் பொருந்துகிறது. ஆனால் எந்தச் சொல்லும் தனியே வருவதில்லை. காய்ச்சல் என்றால் கிருமி, கிருமி என்றால் தொற்று, தொற்று என்றால் ஆன்டிபயாட்டிக், ஐந்து நாள் மாத்திரை, பிறகு குணம். எம்.யு.ஓ.வுக்கு இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணிகூடப் பொருந்தாது. இந்நோயுள்ள நாய்களில் பலவற்றுக்கு உடல்வெப்பம் இயல்பாகவே இருக்கும். அடுத்த நாய்க்கோ மனிதருக்கோ தொற்றாது. மருந்து ஐந்து நாளில் முடியாது. மாதக்கணக்கில், பல நாய்களுக்கு ஆயுள் முழுதும் நீளும்.

நான் வசிக்கும் ஹைதராபாத்தில், எங்கள் கீழ்வீட்டில் ஈரோட்டிலிருந்து குடிவந்த குடும்பம் ஒன்று பக் நாய் வளர்க்கிறது. சென்ற ஆண்டு அதற்கு இந்நோய் வந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவதால் பகல் முழுதும் நாயைப் பார்த்துக்கொண்டவர் எழுபது வயதைக் கடந்த பாட்டி. மருத்துவர் தெலுங்கும் ஆங்கிலமும் பேசுபவர். இருவருக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளராகச் சிலமுறை நான் சென்றேன். பாட்டி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: "ஏங்கண்ணு, மூளைக்காய்ச்சல்ங்கறாங்க. மூக்கத் தொட்டுப் பாத்தா சில்லுன்னுதான் இருக்குது. டாக்டரும் காய்ச்சல் இல்லைன்னுதான் எழுதியிருக்காரு. அப்புறம் எந்தக் காய்ச்சலுக்கு இத்தன மருந்து?" மூளைக்காய்ச்சல் என்ற சொல்லை மகன் இணையத்தில் தேடி எடுத்துத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். பாட்டி கேட்டது கலப்பற்ற பொருண்மையியல் கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் மாத்திரைப் பெட்டியை நீட்டினால், அந்த மாத்திரை எத்தனை நாள் நாயின் வாய்க்குள் போகும்?

பொருத்தமான சொல் நம்மிடம் இல்லாமல் இல்லை. அழற்சி இருக்கிறது. அழல் என்றால் தீ. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் தீ மூட்டுவதையே குறிக்கும். முதல் நூற்றாண்டில் செல்சஸ் என்ற உரோமானியர் அழற்சிக்குச் சொன்ன நான்கு அடையாளங்கள் சிவப்பு, வீக்கம், சூடு, வலி. தோலில் என்றால் நான்கையும் கண்டும் தொட்டும் அறியலாம். மண்டையோட்டுக்குள் நடக்கும்போது எதுவும் தெரியாது. வீக்கம் விரிய இடமும் இல்லை. உள்ளே அழுத்தம் ஏற, வெளியே நடை குலைகிறது. பாட்டிக்கு நான் சொன்ன விளக்கம்: "உடம்பக் காக்கற படையே தப்பா நெனச்சுக்கிட்டு மூளையில தீ வெச்சிருச்சு பாட்டி. கிருமி கெடையாது. அந்தப் படைய அடக்கறதுக்குத்தான் இத்தன மருந்து." அவர் சற்று யோசித்துவிட்டு, "காவலே களவாயிருச்சு" என்றார். நோயெதிர்ப்பியல் பாடநூலின் ஓர் அத்தியாயத்துக்கு இதைவிடச் செறிவான தலைப்பு எனக்குத் தோன்றவில்லை.

பெயர் ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1962இல் கோஸ்ட்னர், சீமன் என்ற இருவர் நாய் மூளையில் கண்ட அணுத்திரட்சியை ஒருவகை 'ரெட்டிகுலோசிஸ்' என்று விவரித்தார்கள். 1978இல் பிரவுண்டும் உடன் ஆய்வாளர்களும் அதற்குச் சிறுமணித் திரட்சியோடு கூடிய அழற்சி என்னும் பொருள்படப் பெயரிட்டார்கள். 1989இல் கார்டியும் ஹாலிடேயும் பக் நாய்களில் மூளைத்திசு சிதைந்துபோகும் தனிவகை ஒன்றை எழுதினார்கள். 1993இல் யார்க்‌ஷயர் டெரியரில் இன்னொரு வகை பதிவாயிற்று. இவற்றைத் திட்டவட்டமாகப் பிரித்தறிய மூளைத்திசுவை நுண்ணோக்கியின் கீழ் பார்க்க வேண்டும். உயிருள்ள சிறுநாயின் மூளையிலிருந்து திசு எடுப்பது அரிதினும் அரிது. ஆகவே உறுதியான பெயர் பெரும்பாலும் உடற்கூறாய்வு மேசையில்தான் கிடைக்கிறது. உயிரோடு இருக்கும் நாய்க்கு ஒரு பெயர் வேண்டுமே என்றுதான் இந்தக் குடைப்பெயர் பிறந்தது. நம் துறையில் சான்று போதாத மொழிகளை 'வகைப்படுத்தப்படாதவை' என்று ஒரு தலைப்பின் கீழ் ஒதுக்கி வைப்பதை ஒத்தது இது. அந்த ஒதுக்கலில் இழிவு ஏதுமில்லை. சான்று இவ்வளவுதான் என்று சொல்வதும் அறிவே.

குடைக்குள் ஒரு நாயைச் சேர்ப்பதற்கும் விதிகள் உண்டு. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையில் அழற்சிக்குரிய புள்ளிகள் தெரிய வேண்டும். மயக்க மருந்து கொடுத்து எடுத்த மூளைத் தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் மிகுந்திருக்க வேண்டும். அவற்றிலும் ஒற்றைக்கரு அணுக்கள் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். தொற்றுநோய்ச் சோதனைகள் எதிர்மறையாக வர வேண்டும். ஐரோப்பாவில் எழுதப்பட்ட இவ்விதிகளைப் படித்துவிட்டு நம் ஊர்ச் சிகிச்சை அறையைப் பார்த்தால் பெருமூச்சு வரும். விலங்குகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும் வசதி இந்தியாவில் சில பெருநகரங்களில் மட்டுமே உள்ளது. எங்கள் கீழ்வீட்டு நாய்க்கு அது கிடைத்தது. கிடைக்காத ஊர்களே நாட்டில் மிகுதி. கிடைத்தாலும், நெட் அல்லாத உதவித்தொகையாக மாதம் 8000 ரூபாய் பெறும் நம்மில் ஒருவருக்கு அந்தக் கட்டணம் எட்டாது.

எனவே நம் நாட்டு மருத்துவர் ஊகத்தின் மேல் சிகிச்சை செய்கிறார். இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. ஊகத்துக்கும் ஒழுங்கு உண்டு. நரம்புமண்டலத்தைச் சோதிக்கும் மருத்துவரை அருகிருந்து பார்த்தபோது ஓர் இலக்கண ஆசிரியரைப் பார்ப்பதுபோல இருந்தது. பாதத்தை மடித்து வைத்தால் நாய் எத்தனை விரைவில் திருப்பிக்கொள்கிறது, கண்ணுக்கு நேரே கையை வீசினால் எந்தக் கண் இமைக்கவில்லை, எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது. முன்மூளையின் ஒரு பக்கம் பழுதானால் நாய் பெரும்பாலும் அந்தப் பக்கமாகவே சுற்றும். பார்வையோ எதிர்ப்பக்கக் கண்ணில் குறையும். மேற்பரப்பில் தெரியும் பிழையிலிருந்து அடியில் இருக்கும் அமைப்பை உய்த்துணர்வதுதானே நாமும் செய்வது?

ஆனால் இந்தியாவில் இந்த ஊகத்தின் எதிரே வேறு சந்தேகங்கள் வரிசையில் நிற்கின்றன. முதலாவது வெறிநாய்க்கடி நோய். நரம்புக் கோளாறு தெரியும் எந்த நாயிடமும் தடுப்பூசி உண்டா, கடிபட்டதா, யாரையாவது கடித்ததா என்ற வினாக்களே முதலில் எழ வேண்டும். அடுத்தது டிஸ்டெம்பர், தடுப்பூசி போடாத நாய்கள் மிகுந்த நம் தெருக்களில் அது இன்றும் உலவுகிறது, மூளையையும் தாக்குகிறது. பிறகு உண்ணிகள் பரப்பும் எர்லிகியா, ஓரணு ஒட்டுண்ணிகள். இவை அனைத்தும் உண்மையான தொற்றுகள். எம்.யு.ஓ.வுக்குத் தரும் மருந்தோ நோயெதிர்ப்பை அடக்குவது. ஊகம் தவறி டிஸ்டெம்பர் நாய்க்கு அதனை முழு அளவில் கொடுத்தால், வைரஸுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். இதனால்தான் சோதனை முடிவுகள் வரும்வரை டாக்ஸிசைக்ளின், கிளிண்டமைசின் போன்றவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டீராய்டு கொடுத்தவுடன் நாய் தேறினால் 'ஊகம் சரி' என்று மகிழ்ந்துவிட முடியாது. மூளைக் கட்டியைச் சுற்றியுள்ள வீக்கமும் ஸ்டீராய்டுக்கு வற்றும். சில வாரங்கள் நாய் தேறியது போலவே இருக்கும்.

இத்தனை ஐயங்களும் மருத்துவரின் ஆங்கிலத்தில் ஒரே அடைமொழியில் அடங்கிவிடுகின்றன: 'ஊகிக்கப்பட்ட' என்று பொருள்படும் 'ப்ரிசம்ப்டிவ்'. அது தமிழுக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதைக் காதால் கேட்டேன். மகன் மருத்துவரிடம் கேட்டதைத் தாயிடம் சொன்னார்: "மூளைக்காய்ச்சலாம்." இந்த 'ஆம்' நமக்கு நன்கு தெரிந்த ஒட்டு. பிறர் கூற்று இது, என் கூற்றன்று என்று காட்டுவது. செய்தி எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லும்; சொன்னவருக்கு அதில் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்லாது. மருத்துவரின் ஐயம் உதிர்ந்துவிட்டது. மகனுக்கும் செய்திக்கும் இடையிலான தொலைவு மட்டும் எஞ்சியது. கேட்பவருக்கு மருத்துவர் அடித்துச் சொன்னதாகவே படும். தமிழில் ஐயத்தைச் சொல்ல வழியில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 'ஆக இருக்கலாம்', 'போலத் தெரிகிறது', 'ஆகத்தான் இருக்க வேண்டும், ஆனால் உறுதியில்லை' என்று படிப்படியாகச் சொல்லலாம். எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை மருத்துவரிடம் கேட்டு வாங்கி அப்படியே இறக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தபின் மருத்துவர் சொன்னதைப் பாட்டியிடம் நான், "இதுவாத்தான் இருக்கணும்ங்கறாரு. ஆனா மூளையத் தெறந்து பாக்காம நூத்துக்கு நூறு சொல்ல முடியாதுங்கறாரு" என்று சொன்னேன். அவர் அஞ்சவில்லை. "நேர்மையான ஆளுதான்" என்றார், மருத்துவரைப் பற்றி.

உறுதியின்மையைச் சொன்னால் வளர்ப்பவர் நம்பிக்கை இழந்து வேறு மருத்துவரைத் தேடிப் போய்விடுவார் என்று கால்நடை மருத்துவம் படிக்கும் நண்பர் ஒருவர் வாதிட்டார். போகக்கூடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்நோயின் போக்கைப் பாருங்கள். சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்திலேயே கணிசமான நாய்கள் இறந்துவிடுகின்றன. பிழைத்தவற்றுள் பல நன்கு தேறுகின்றன, சில மாதங்கள் கழித்து மீண்டும் சரிகின்றன. உறுதி சொல்லிச் சிகிச்சையைத் தொடங்கிய மருத்துவர் முதல் சரிவிலேயே பொய்யராகிவிடுவார். ஐயத்தைச் சொல்லித் தொடங்கியவருக்கு இரண்டாம் உரையாடலுக்கு இடம் இருக்கும்.

மருந்துக்கு வருவோம். அடித்தளம் பிரெட்னிசலோன். நோயெதிர்ப்பை அடக்கும் அளவில், நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 2 மி.கி. வரை தொடங்கி, மாதங்களின் ஊடாக மெல்லக் குறைத்து வருவார்கள். வலிப்பு இருந்தால் ஃபீனோபார்பிட்டல் அல்லது லெவெடிராசிட்டம். ஸ்டீராய்டோடு இரண்டாவது மருந்து ஒன்றையும் சேர்ப்பது இப்போது பரவலான முறை: சைக்ளோஸ்போரின், மைக்கோஃபினலேட், லெஃப்ளூனமைடு, சைட்டராபின். எது சிறந்தது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

இவற்றுள் சைட்டராபினின் கதை சுவையானது. 1950களில் கரீபியக் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த விந்தையான வேதிப்பொருள்களே அதற்குத் தூண்டுகோல். 1959இல் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். 1969இல் அமெரிக்காவில் மனித இரத்தப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடையைக் கடக்கும் இயல்பு அதற்கு உண்டு என்பதால் நாய் மூளைக்கும் வந்து சேர்ந்தது. வழக்கமான முறையில், தோலுக்கடியில் 12 மணிக்கு ஒன்றாக இரண்டு நாளில் நான்கு ஊசிகள். மூன்று வாரம் கழித்து மறுபடியும். கையுறை இன்றித் தொடக்கூடாது. அந்நாட்களில் நாயின் சிறுநீரையும் மலத்தையும் கையுறை அணிந்தே அள்ள வேண்டும். கருவுற்ற பெண்கள் விலகியிருக்க வேண்டும். இரத்த அணுக்களின் எண்ணிக்கையை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் இன்னொரு சொல் குறுக்கே வந்தது. 'ஊசி போட்டுடலாம்' என்றார் மகன். சிகிச்சையைத்தான் சொன்னார். பாட்டியின் முகம் வெளிறிவிட்டது. நம் பேச்சுவழக்கில் நோய் முற்றிய நாய்க்கு 'ஊசி போட்டுவிடுவது' என்றால் கொன்றுவிடுவது. தெருநாய்களைப் பற்றிப் பேசும்போதும் அதே பொருள்தான். உயிர் காக்கும் ஊசிக்கும் உயிர் போக்கும் ஊசிக்கும் ஒரே வினைத்தொடர். துணைவினை 'விடு' ஒட்டியதும் இரண்டாம் பொருள் மேலெழுகிறது. 'கருணைக்கொலை' என்ற எழுத்துவழக்குச் சொல்லில் கொலை இருக்கிறது; அதனால் யாரும் வாயால் சொல்வதில்லை. 'தூங்க வைப்பது' ஆங்கிலத்தின் நிழல். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பதோடு குழம்பும். சாவைப் பற்றிப் பேசத் தெளிவான ஒரு சொல் இல்லாத இடத்தில் அந்தப் பேச்சே நடக்காமல் போகிறது. இந்நோயில் அது நடந்தே ஆக வேண்டும், அதுவும் முதல் நாளே. எந்த நிலை வந்தால் மேலும் துன்புறுத்தாமல் நிறுத்திக்கொள்வது என்பதை நாய் நினைவோடு இருக்கும்போதே வீட்டார் பேசி வைத்திருக்க வேண்டும். நடுநிசியில் வலிப்பு நிற்காமல் தொடரும்போது பேசி முடிவெடுக்க இயலாது.

சிகிச்சையின் பயனைப் பற்றிய சான்று எவ்வளவு மெலிந்தது என்பதும் வெளிப்படையாகச் சொல்லத்தக்கதே. கிரேஞ்சர், ஸ்மித், ஜெஃப்ரி ஆகிய மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, 1962 முதல் 2008 வரை பதிவான 457 நாய்களின் விவரங்களைத் தொகுத்தது. ஸ்டீராய்டு மட்டும் பெற்ற 43 நாய்களின் இடைநிலை வாழ்நாள் ஆய்வுக்கு ஆய்வு 28 முதல் 357 நாட்கள் வரை வேறுபட்டது. ஸ்டீராய்டோடு வேறொரு சிகிச்சையும் பெற்ற 96 நாய்களுக்கு அது 240 முதல் 590 நாட்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கூட்டு மருந்தே வென்றது போலத் தோன்றும். ஆனால் இவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மருத்துவமனைகளில், வெவ்வேறு கடுமையுள்ள நோயோடு வந்த நாய்கள். இரண்டாம் மருந்தைத் தொடங்கும்வரை பிழைத்திருந்ததே ஒரு தேர்வு. அரை நூற்றாண்டில் 457 நாய்கள். நம்மிடம் களப்பணித் தரவு இவ்வளவு குறைவாக இருந்தால் நெறியாளர் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார். கால்நடை மருத்துவர்களோ இதை வைத்துக்கொண்டுதான் நாளை காலை ஒரு நாய்க்கு மருந்து எழுத வேண்டும். அவர்கள் மீது எனக்கு மதிப்பு கூடியதே அன்றிக் குறையவில்லை.

மருந்து எழுதுவது மருத்துவமனையில். சிகிச்சை நடப்பது வீட்டில். பிரெட்னிசலோன் நாயை மாற்றிவிடும். ஓயாத பசி, ஓயாத தாகம், வீட்டுக்குள்ளேயே சிறுநீர், மூச்சிரைப்பு, தொங்கும் வயிறு, மெலியும் தொடைகள். 'ஸ்டீராய்டு கெடுதல்' என்ற பொதுப்பேச்சு ஏற்கெனவே காதில் இருக்கிறது. மூன்றாம் வாரத்தில் நாய் நேராக நடக்கிறது, வலிப்பு இல்லை. 'காய்ச்சல்' விட்டுவிட்டது. இனி எதற்கு இந்த நஞ்சு என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் மாத்திரையை நிறுத்துகிறார். அங்கே இரண்டு ஆபத்துகள் ஒருசேர வருகின்றன: அணைந்ததாக நினைத்த தீ மீண்டும் பற்றும், வெளியிலிருந்து ஸ்டீராய்டு பெற்றுப் பழகிய உடலில் அட்ரினல் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாததால் நாய் சுருண்டு விழவும் கூடும். காய்ச்சல் என்ற உருவகத்துக்கு முடிவு உண்டு. தீ என்ற உருவகத்தில் நீறுபூத்த நெருப்பு உண்டு. எந்த உருவகத்தை வீட்டாருக்குக் கொடுத்தோம் என்பதைப் பொறுத்து ஐந்தாம் மாதத்தில் மாத்திரை தொடர்கிறது அல்லது நிற்கிறது. கீழ்வீட்டு நாய் இப்போதும் மாத்திரையில்தான் இருக்கிறது. அளவு பலமுறை குறைந்து, ஒருமுறை ஏறி, மீண்டும் குறைந்திருக்கிறது. தொல்காப்பியர் அதனை அஃறிணையில் வைத்திருந்தாலும் பாட்டி 'அவன்' என்றே சொல்கிறார்: "அவனுக்கு உள்ள கங்கு இருக்குது, ஊதிவிட்டுறக் கூடாது."

இனி, இப்பதிவைப் படிக்கும் தோழர்கள் சிலர் மனத்தில் எழுந்திருக்கும் கேள்வி. மனிதருக்கே எம்.ஆர்.ஐ. எட்டாத நாட்டில் ஒரு பக் நாய்க்கு இத்தனை செலவா? கேள்வி நியாயமானது, கேலியால் அதைக் கடந்துவிட முடியாது. என் விடை இரண்டு பகுதியானது. முதலில், அந்தச் செலவைச் செய்யாத முடிவும் இழிவானதன்று. பணம் இல்லாததால் எளிய முறையில், பிரெட்னிசலோன் மட்டும் கொடுத்துப் பார்க்கும் வீட்டாரையும், துன்பத்தை நீட்டிக்காமல் முடித்துக்கொள்ளும் வீட்டாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எவருக்கும் உரிமை இல்லை. பிரெட்னிசலோன் எந்த மருந்துக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும் பழைய மாத்திரை. அதனோடு மட்டும் சில நாய்கள் நல்ல காலத்தைப் பெற்றிருக்கின்றன. இதையும் மருத்துவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'எல்லாம் செய்யுங்கள் அல்லது ஊசி' என்ற இருமுனைப் பேச்சு வேண்டாம். இரண்டாவது, அறிவு ஒரு வழிப்பாதையில் போவதில்லை. பெர்லின் விலங்குக் காட்சிச்சாலையின் புகழ்பெற்ற பனிக்கரடி க்னூட் 2011 மார்ச்சில் வலிப்பு கண்டு நீரில் விழுந்து இறந்தது. மூளையில் அழற்சி என்று தெரிந்தது, காரணம் தெரியவில்லை. 2015இல் ஆய்வாளர்கள் அதன் தண்டுவட நீரை மீண்டும் சோதித்து, மனிதர்களில் 2007இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஒரு தன்னெதிர்ப்பு மூளை அழற்சியே அது என்று கண்டார்கள். என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை உடலின் எதிர்ப்புப் புரதங்களே தாக்கும் நோய் அது. மனநோய் என்றும் காரணமற்றது என்றும் தள்ளப்பட்ட மனித நோயாளிகள் பலருக்கு அந்நோயின் பெயர் மீட்சி கொடுத்தது. 'காரணம் அறியப்படாத' என்பது நிலையான அடைமொழி அன்று. காலம் குறித்த அடைமொழி.

அந்த அடைமொழிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியும் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். முழுக்கத் தெரியாது என்பது உண்மையன்று. பக் நாய்களில் திசு சிதையும் வகை, நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் டி.எல்.ஏ. என்ற மரபணுப் பகுதியோடு தொடர்புடையது என்று 2010இலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. அதன் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற பக் நாய்க்கு ஆபத்து பன்மடங்கு கூடுகிறது. அப்படிப் பெற்ற எல்லா நாய்க்கும் நோய் வருவதில்லை; ஆகவே தீக்குச்சி எது என்பது தெரியாது. ஆனால் வைக்கோலை அடுக்கியது யார் என்று தெரியும். ஒரு சிறு குழுவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து தட்டை மூக்கையும் சுருட்டிய வாலையும் நிலைநிறுத்தியவர்கள் மனிதர்கள். அந்த மரபணுவைச் சோதிக்க வெளிநாட்டில் சோதனை விற்பனைக்கு உண்டு. குட்டி விற்பவரிடம் அதைப் பற்றிக் கேட்ட இந்தியர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவனைத் தொடர்ந்து சென்ற பக் நாயை நம் தலைமுறை மறக்காது. அதன்பின் நகரமெங்கும் பக் குட்டிகளைத் தேடினார்கள். நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் 2017இல் நடுவண் அரசு விதிகள் வகுத்தது. இனப்பெருக்குவோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் விற்பனையைப் பார்த்தவர்களுக்கு அவ்விதிகளின் நிலை தெரியும்.

நம் துறை செய்யக்கூடிய சிறுவேலை ஒன்று உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனைகள் கொடுக்கும் ஒருபக்கக் குறிப்பு இப்போது ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. அதனைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதும் பணியைக் கால்நடை மருத்துவ மாணவர் இருவரோடு சேர்ந்து தொடங்கியிருக்கிறேன். நோயின் பெயருக்கு 'காரணம் தெரியாத மூளை அழற்சி' என்றே வைத்திருக்கிறோம். 'காய்ச்சல் அன்று, தொற்றாது' என்பதைப் பெயருக்கு அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறோம். மாத்திரை அளவு எந்தத் தேதியில் எவ்வளவு குறையும் என்பதற்கு ஓர் அட்டவணை. சாவைப் பற்றிய பத்திக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. 'வலியின்றி முடித்தல்' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறோம், ஒருவருக்கும் நிறைவில்லை. மராத்தி, ஒடியா, வங்காளம், துளு பேசும் வீடுகளில் நாய்க்கு இந்த முடிவு எடுக்கும்போது என்ன சொல்லால் பேசிக்கொள்கிறார்கள் என்று அறிந்தவர்கள் எழுதுங்கள். அகராதிச் சொல் வேண்டாம். வீட்டில் வாயால் சொன்னது வேண்டும்.